சரின்னு சொல்லாதீக

விருதுநகர்
9.1.2025, வியாழன்

மாமா,

லச்சு எப்படி இருக்கா? முதல்ல அத எழுதுங்க. மத்தது எதுவும் எழுதாட்டியும் பரவாயில்ல. பால் குடிக்கிறாளா, காய்ச்சலுக்கு அப்புறம் வந்த இருமல் போயிருச்சா, அழுதா யாரைத் தேடுறா.

இந்தக் காலத்துல கடிதமான்னு சிரிக்காதீக. போன் எனக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும். நம்ம பட்டாசுக் கம்பெனி கேட்டுல போனை வாங்கி வச்சுக்கிட்டு உள்ள விடுறோம்ல, அந்தச் சட்டம் எனக்கு வீட்டுக்குள்ளயும் வந்துருச்சு. அம்மா போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தள்ளி வச்சாலும், நீங்க 'ம்' 'ம்'முங்கிறீக, நான் அழுறேன், அம்மா கட் பண்ணிருது. அதான் பென்சில எடுத்தேன். பென்சில் மரம். இதைப் பிடிக்க எனக்குப் பயமில்ல.

இன்னைக்கு ஒரு இடத்துக்குப் போனேன். அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவும் நானும் மட்டும். மாடியில ஒரு ரூம், வாசல்ல 'மருத்துவ உளவியலாளர், தனிநபர் மற்றும் குடும்ப ஆலோசனை'ன்னு போர்டு. கதவுக்கு இரும்புப் பிடி. இரும்பு பொறி விடும், செம்புதான் மின்சாரத்த மண்ணுக்கு இழுக்கும்னு என் மூளை சொல்லுது. அம்மா கீழ செருப்பு விட்ட இடத்துல யாரோடவோ பேசிக்கிட்டு நின்னுருச்சு. இருபது நிமிசம் அந்தக் கதவைப் பாத்துக்கிட்டே நின்னேன். கடைசியில அவங்களே திறந்தாங்க. நாற்பது வயசு இருக்கும். டாக்டர்னு கூப்பிட வேணாம், நான் ஊசி போடுறதில்ல, மாத்திரை எழுதுறதில்ல, பேசுறதும் பழக்குறதும்தான் என் வேலைன்னாங்க. அம்மா, "பேசுறதுன்னா எங்க வீட்டுலயே தெனம் நடக்குதேம்மா"ன்னுச்சு. மேடம் சிரிச்சுட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

"குழந்தையத் தூக்குறதுக்கு முன்னால என்னென்ன செய்வீங்க?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். கம்பெனியில மருந்து ரூமுக்குள்ள போறவங்க வாசல்ல இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்புல இருக்கிற மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிட்டுத்தான் போகணும். அதே மாதிரி ஒரு தகடு எங்க வீட்டு நடுவாசல்ல இருக்கு, போர்மேனான என் வீட்டுக்காரரே எனக்காக அடிச்சுக் குடுத்தது. ரெண்டு உள்ளங்கையும் அறுபது தடவை அதுல வைப்பேன். அப்புறம் கை கழுவி, நூல் துணியில துடைப்பேன். நடுவுல, உரசினா பொறி விடுற நைலான் எதுவும் பட்டுட்டா முதல்லருந்து. கடைசியில அவர் என் கையைப் பாத்து 'சரி, போ'ன்னு சொல்லணும். அவர் வீட்டுல இல்லாட்டி தூக்க முடியாது.

"தூக்கினா என்ன ஆகும்?"

அத நான் உங்ககிட்டகூட சொன்னதில்ல. புள்ள வெடிச்சிரும்னு சொன்னேன். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சவ மாமா. லச்சுவுக்குள்ள மருந்து அடைச்சு வைக்கலன்னு எனக்குத் தெரியாதா. தெரிஞ்சும் கை போக மாட்டேங்குது. அவங்க எழுதுறத நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. ஓசிடின்னு இதுக்குப் பேர் இருக்குன்னாங்க. தமிழ்ல எண்ணச் சுழற்சி நோய்னு தாள்ல எழுதிக் காட்டினாங்க. பேரு இருக்குன்னு தெரிஞ்சதும்தான் அழுதேன்.

மார்கழி நாலாம் தேதியப் பத்தியும் சொன்னேன். பன்னெண்டு மணிக்குத் தொட்டில்லருந்து இறங்கித் தரையில உக்காந்து அழ ஆரம்பிச்சா. நான் தகட்டுகிட்ட நிக்கேன். எண்ணிக்கை தப்பிப் போகுது. மறுபடி ஒண்ணுலருந்து. அஞ்சு மணிக்கு நீங்க வந்தப்போ அவ உடம்பு அடுப்பா கொதிச்சுது, நாக்கு வறண்டிருந்துச்சு, நான் இன்னும் தகட்டுகிட்டதான் நின்னேன். நீங்க என்னை அடிக்கல. அவளத் தூக்கிக்கிட்டு, "நீயெல்லாம் ஒரு தாயா"ன்னு மெதுவாத்தான் கேட்டீக. மறுநாள் என்னை இங்கன கொண்டாந்து விட்டுட்டு, அவள உங்க அக்கா வீட்டுக்குக் கொண்டு போயிட்டீக. நான் உங்களக் குத்தம் சொல்லல.

நாலாவது வாரம் வீட்டுக்காரரும் வரணும்னாங்க. வியாழக்கிழமை, பதினொரு மணி. வாங்க மாமா. எனக்கு வேற வழி தெரியல.

இசைவாணி


எம். புதுப்பட்டி
18.1.25

வாணி,

லச்சு நல்லா இருக்கு. இருமல் இல்ல. பாண்டிலட்சுமி அக்கா நல்லாப் பாத்துக்கிடுது. டூட்டி முடிஞ்சு நான் தெனமும் தாயில்பட்டி போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன். பொங்கலுக்குக் கவுன் எடுத்தேன். நூல் துணிதான், கவலப்படாத.

நீ எங்கன்னு கம்பெனியில கேக்காக. பொங்கலுக்கு அப்பன் வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். தை முடியுற வரைக்கும் அத சொல்லலாம். அதுக்கப்புறம் என்ன சொல்ல? பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கான்னு சொல்லவா? நாளைக்கு லச்சுவப் பொண்ணு கேட்டு எவன் வருவான்?

நீ சின்ன விசயத்தப் பெருசாக்குத. கவனமா இருக்கது நோயா? நம்ம ஊர்ல கவனமில்லாதவன்தான் சாவுதான். உனக்குப் பயமா இருக்குன்னுதான வேல மெனக்கெட்டு தகடு அடிச்சு, மண்ணுக்குள்ள ஆறடிக்கு ராடு இறக்கிக் குடுத்தேன். எந்தப் புருசன் செய்வான்? தெனமும் எத்தன தடவ கையப் பாத்து சரி சரின்னு சொல்லியிருப்பேன், ஒரு நாளு மூஞ்சி சுளிச்சிருப்பேனா? அன்னைக்கு அப்பிடிக் கேட்டது தப்புத்தான். புள்ள கெடந்த கெடப்பப் பாத்து வந்த பேச்சு அது.

ஓய்வா இரு, நல்லாச் சாப்பிடு, தன்னால சரியாகும்.

அந்தம்மாகிட்ட உன் உடம்பப் பத்தி மட்டும் பேசு. கம்பெனிக் கதை எதுவும் பேசாத. அது அவுகளுக்குத் தேவையில்லாதது.

முத்துப்பாண்டி


விருதுநகர்
24.1.2025

மாமா,

நூல் துணிக் கவுன்தான், கவலப்படாதன்னு எழுதியிருந்தீக. அந்த வரியப் படிச்சதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. மேடத்துகிட்ட காட்டினேன். அவங்க அந்த நிம்மதியத்தான் சந்தேகப்பட்டாங்க. "எவ்வளவு நேரம் இருந்துச்சு?"ன்னாங்க. யோசிச்சுப் பாத்தா அஞ்சு நிமிசம்கூட இல்ல. அப்புறம் தையல் நூல் என்ன நூலு, பட்டன் என்ன பட்டன்னு ஆரம்பிச்சிருச்சு.

கோவிச்சுக்கிடாதீக. நீங்க அடிச்ச தகடும் நீங்க சொல்ற 'சரி'யும் இந்த நோய்க்குத் தீனியாம். ஒவ்வொரு தடவை சரின்னு கேக்கும்போதும் என் மூளை, 'பாத்தியா, ஆபத்து இருந்துச்சு, அவர் சொன்னதாலதான் தப்பிச்சோம்'னு எழுதி வச்சுக்குதாம். பத்து தடவை இருந்தது இருபதாச்சு, அறுபதாச்சு. உங்க மேல தப்பில்லன்னு ரெண்டு தடவை சொல்லச் சொன்னாங்க. பிரியமா இருக்கிற வீட்டுலதான் இது சீக்கிரம் வளருமாம்.

இப்ப ஒரு ஏணி போட்டிருக்கோம். எனக்குப் பயமான காரியங்களை வரிசையா எழுதி ஒவ்வொண்ணுக்கும் நூத்துக்கு எத்தனைன்னு மார்க். முதல் படி, அம்மாவோட நைலான் பூனம் சேலையைத் தொட்டுட்டு, தகடு இல்லாம, கை கழுவாம, ஒரு தலகாணியத் தூக்கணும். பயம் தானா இறங்குற வரைக்கும் கீழ வைக்கக் கூடாது. நேத்து வீட்டுல செஞ்சேன். நாற்பது நிமிசம் அந்தத் தலகாணியப் பிடிச்சுக்கிட்டு நடுங்கினேன். அப்பா எட்டிப் பாத்துட்டு, "இவ என்னடி பஞ்சு மூட்டைக்குத் தாலாட்டுப் பாடுறா?"ன்னாரு. அம்மா, "நீரு போய் டீவியப் பாரும்"னுச்சு. இப்ப அப்பாவுக்கும் தெரியும். கடைசிப் படி லச்சு. அதுக்கு நூத்துக்கு நூறு போட்டிருக்கேன்.

நீங்க சொல்லக் கூடாதுன்னதையும் சொல்லிட்டேன். எங்க ஆரம்பிச்சுதுன்னு கேட்டாங்க, மறைக்க முடியல. ஆவுடைத்தாயைப் பத்தி இந்த ஒன்றரை வருசத்துல உங்ககிட்ட மட்டும்தான் அழுதிருக்கேன். நேத்து ரெண்டாவது ஆளுகிட்ட சொன்னேன். கேட்டுல பொம்பளையாளுகளோட சேலையைத் தொட்டுப் பாத்து, நைலானா நூலான்னு சோதிச்சு உள்ள விடுறது என் வேலை. அப்ப லச்சு என் வயித்துல அஞ்சு மாசம். அன்னைக்கு ஆவுடைத்தாய் மயில் கழுத்துக் கலர்ல பளபளன்னு ஒண்ணு உடுத்திட்டு வந்தா. அவ மகளுக்குச் சடங்கு கழிஞ்சு மூணாம் நாள், பொறந்தவன் எடுத்துக் குடுத்த சேலை. "தாயி, இன்னைக்கு ஒரு நாள் மட்டும், நாளைக்கு இத மடிச்சு வச்சிருவேன்"ன்னா. நான் சிரிச்சுக்கிட்டே, "போ, போ, மகாராணி"ன்னு விட்டேன். ஒன்பதே கால் மணிக்குப் பதினாலாம் நம்பர் ரூம் வெடிச்சுப் போச்சு. அவளும் போயிட்டா.

மேடம் ஆறுதல் சொல்லல. உங்க தப்பில்லன்னும் சொல்லல. "இத இத்தன நாள் தனியாவா வச்சிருந்தீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. அவருக்குத் தெரியும்னேன். "அவர் என்ன சொன்னார்?"ன்னாங்க. ஒண்ணும் சொன்னதில்ல, முதுகத் தடவிக் குடுப்பார்னேன்.

நீங்க வரணும் மாமா. லச்சு எதுக்குச் சிரிக்கிறான்னாவது ஒரு வரி எழுதுங்க.

வாணி


எம். புதுப்பட்டி
28.1.25

வாணி,

ஆவுடைத்தாயி பேரச் சொன்னியா? கம்பெனி பேரு? பதினாலாம் நம்பர் ரூமுன்னும் சொன்னியா? அந்தம்மா எழுதிச்சா? நோட்டுலயா, கம்ப்யூட்டர்லயா? அவுகளுக்குப் போலீசுல, பேக்டரி ஆபீசுல யாரும் சொந்தக்காரக உண்டா? கேட்டுச் சொல்லு.

அந்தக் கேசு முடிஞ்சு போச்சு. உராய்வுன்னு எழுதி மூடியாச்சு. முடிஞ்சத ஏன் தோண்டுத? சேலைய விட்டது நாந்தான்னு நீயே போய் அந்தம்மாகிட்ட வாக்குமூலம் குடுக்கியே, உனக்குப் புத்தி இருக்கா? உன்னப் பிடிச்சு உள்ள வச்சா லச்சுக்கு யாரு இருக்கா?

ஒண்ணு சொல்றேன், கேளு. நீ அங்கன போறத நிறுத்து. இந்த வியாழக்கிழம போகாத. நிறுத்திட்டன்னா வார ஞாயித்துக்கிழம லச்சுவத் தூக்கிட்டு நானே வாரேன். சின்னத் தகடு ஒண்ணு செஞ்சு கொண்டாரேன், உங்க வீட்டு வாசல்ல அடிச்சுத் தாரேன். நீ எம்புட்டு நேரம் வேணாலும் தொடு. நான் பக்கத்துலயே உக்காந்து எத்தன தடவ கேட்டாலும் சரின்னு சொல்றேன். புள்ளயத் தூக்கலாம். உனக்கு அதுதான வேணும்?

இப்ப அது கண்ணாடியப் பாத்துச் சிரிக்குது. வேற எதுக்கும் சிரிக்கல.

முத்துப்பாண்டி


விருதுநகர்
7.2.2025

மாமா,

நீங்க வந்துட்டுப் போய் அஞ்சு நாளாச்சு. நீங்க கேட்ட விலையக் குடுத்தேன். முப்பதாம் தேதி வியாழக்கிழமை போகல. அம்மா சேலையெல்லாம் மாத்திக்கிட்டு வந்து நின்னுச்சு, தலைவலின்னு படுத்துக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை நீங்க எழுபத்தோரு தடவை சரின்னு சொன்னீக. எண்ணினேன். நீங்க எண்ணியிருக்க மாட்டீக. இருபதாவதுல உங்க குரல் மாறிருச்சு. நாற்பதுல லச்சு சிணுங்க ஆரம்பிச்சா. ஐம்பதுல அவ எங்கம்மா மடியில தூங்கிட்டா. எழுபத்தோரு சரிக்கு அப்புறம் தூங்குற புள்ளையோட கன்னத்துல ஒரு விரலை வச்சேன். பஸ்சுக்கு நேரமாச்சுன்னு எடுத்துட்டுப் போயிட்டீக. முகத்தக்கூட சரியாப் பாக்கல மாமா. விரலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

நீங்க போன மூணாம் நாள் எனக்கு ஒண்ணு தோணுச்சு. எழுதக் கை வரல, ஆனா எழுதிருறேன். நான் இல்லாட்டி லச்சு தப்பிச்சிருவான்னு தோணுச்சு. நான் இருக்கிறதுதான் ஆபத்துன்னா, நான் இல்லாம போறதுதான் அவளுக்கு நான் செய்யக்கூடிய ஒரே நல்லதுன்னு. அம்புட்டுத் தெளிவா இருந்துச்சு. அந்தத் தெளிவப் பாத்துத்தான் பயந்தேன். நேத்து மேடத்துகிட்ட ஓடினேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள அம்மாவ உள்ள கூப்பிட்டாங்க. தனியா விடக் கூடாதுன்னாங்க. எந்த நேரம் அப்படித் தோணினாலும் கூப்பிடச் சொல்லி நம்பர் குடுத்தாங்க, அம்மாவ போன் போடச் சொல்லி. மனநல டாக்டர் ஒருத்தர்கிட்ட அன்னைக்கே அனுப்பி வச்சாங்க. மாத்திரை ஆரம்பிச்சிருக்கு. அம்மா இப்ப என் பக்கத்துலயே பாய் போட்டுப் படுக்குது, நான் புரண்டா எந்திரிச்சு உக்காந்துக்கிடுது.

இனிமே உங்களுக்காக நிறுத்த மாட்டேன். லச்சுவக் காட்டாட்டாலும் நிறுத்த மாட்டேன். நிறுத்தினா செத்துருவேன், நிசமாத்தான் சொல்றேன்.

நீங்க கேட்டதுக்குப் பதில். நான் சொல்றத அவங்க வெளிய சொல்ல மாட்டாங்களாம். உயிருக்கு ஆபத்துன்னாலும், கோர்ட்டு கேட்டாலும்தான் விதிவிலக்காம். ஆனா மாமா, சேலைய உள்ள விட்டது நான். உள்ள போனா போக வேண்டியது நான். நீங்க எதுக்கு இம்புட்டுப் பயப்படுறீக? நோட்டா கம்ப்யூட்டரான்னு எதுக்குக் கேக்கீக?

வாணி


எம். புதுப்பட்டி
11.2.25

வாணி,

உங்கம்மா போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிருச்சு. அதுக்கப்புறம் உன் கடுதாசி வந்துச்சு. நாலு நாளா இத எழுதிக் கிழிச்சு எழுதிக் கிழிச்சுப் பாக்கேன்.

சேலை இல்ல வாணி.

அந்த சூலை மாசம் வடக்க போற ஆர்டர் அவசரம். சாயந்தரம் லோடு ஏறணும்னு ஒரு வாரமா மொதலாளி நிக்காரு. முந்தின நாள் பதினாலாம் நம்பர் ரூமுல கலந்த மருந்து நாலு கிலோ மிச்சம். மிச்ச மருந்த அன்னைக்கே கொண்டு போய் அழிச்சிரணும், ராத்திரி வைக்கக் கூடாது. புதுசா வாரவனுக்கு நான் மொதல்ல சொல்லிக் குடுக்கதே அதான். ஆளுக எல்லாம் கேட்டத் தாண்டிட்டாக. எனக்கும் அலுப்பு. மூடி வைங்க, காலையில மொத வேலையாச் சேத்துக்கிடலாம்னு நாந்தான் சொன்னேன். ராத்திரி தூத்தல் போட்டுச்சு. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ மாடியில காயப்போட்ட துணிய எடுக்க ஓடுன.

காலையில ரூமத் தொறந்துட்டு ஆவுடைத்தாயி என்கிட்ட வந்துச்சு. "அண்ணே, மருந்துல ஒரு வாட வருது, மூக்குல ஏறுது"ன்னுச்சு. "புதுச் சேல கட்டுனா எல்லாம் நாறத்தான் செய்யும், போய் வேலையப் பாரு தாயி"ன்னு கேலி பண்ணி அனுப்புனேன். அது சிரிச்சுக்கிட்டே போச்சு. பத்து நிமிசத்துல ரூமு போச்சு.

அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்கு வந்ததும் நீ என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு, "நாந்தான் கொன்னேன், சேலைய நாந்தான் விட்டேன்"ன்னு அழுத. அந்த நிமிசம் நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கத்தான் போனேன். ஆனா நீ சேலன்னு சொன்னதும் எனக்கு மூச்சு வந்துச்சு வாணி. அப்ப ஒருவேள அதுதானோன்னு நெனச்சுக்கிட்டேன். நீ மாசமா இருக்க, இப்ப வேணாம்னு நெனச்சேன். புள்ள பெறட்டும்னு நெனச்சேன். பெறந்தப்புறம் நீ தகடு கேட்ட. உடனே அடிச்சுக் குடுத்தேன். நீ கைய நீட்டி சரியா சரியான்னு கேக்கும்போதெல்லாம் எனக்கு வேற ஒண்ணு கேக்குத மாதிரி இருக்கும். சரின்னு சொல்லிச் சொல்லித்தான் நானும் நாளக் கடத்தினேன்.

இத எழுதுனது என் கையெழுத்து. யாருகிட்ட வேணாலும் காட்டு. நான் ஓட மாட்டேன்.

நீ இருக்கணும் வாணி. லச்சுக்கு நீ இருக்கணும்.

முத்துப்பாண்டி


விருதுநகர்
14.2.2025

வந்தது. படிச்சேன். இப்ப எழுத முடியாது. இந்த வாரம் வராதீக. யாரும் வராதீக.


விருதுநகர்
21.2.2025

மாமான்னு எழுத வரல. ஆனாலும் உங்களுக்குத்தான் எழுதுறேன்.

மூக்குல ஏறுற வாடை. அது அம்மோனியா. அலுமினியமும் நைட்ரேட்டும் ஈரத்துல சேந்தா சூடாகும், அந்த வாடை வரும். ரெண்டாம் வருசப் பாடம். நான் நூறடி தள்ளிக் கேட்டுல உக்காந்திருந்தேன். என்கிட்ட ஒரு ஆளை அனுப்பிக் கேட்டிருந்தா, எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்கன்னு கத்தியிருப்பேன். எனக்கு அதுதான் தாங்க முடியல. பொய் சொன்னீக, ஒன்றரை வருசம் என் முதுகத் தடவிக்கிட்டே பொய் சொன்னீக, அதக்கூட ஒரு ஓரமா வைக்கிறேன். அவ வந்து சொல்லியிருக்கா. வாயத் திறந்து சொல்லியிருக்கா.

உங்க கடிதத்தப் படிச்சதும் என்ன செஞ்சேன் தெரியுமா? எழுந்து கையப் பாத்தேன். இனிமே இந்தக் கை சும்மா கைதான், நான் யாரையும் கொல்லல, எல்லாம் போயிருச்சுன்னு நெனச்சேன். அம்மாவோட பூனம் சேலையத் தொட்டேன். பக்கத்து வீட்டுல ஒரு கைக்குழந்தை, அதப் போய் தூக்கப் போனேன். வாசல்லயே நின்னுட்டேன். கை போகல. அதே பயம், ஒரு மார்க்குகூடக் குறையல. சேலை இல்லன்னு தெரிஞ்சதும் அது வேற வீட்டுக்குக் குடி போயிருச்சு. அடுக்களையில ஈர மாவு, ஈரத் துணி, எதை மோந்து பாத்தாலும் வாடை.

மேடத்துகிட்ட உங்க கடிதத்தக் குடுத்தேன். படிச்சாங்க. மடிச்சு என்கிட்டயே திருப்பிக் குடுத்தாங்க. யார் தப்புன்னு தெரிஞ்சா பயம் போயிரும்னு நான் நம்பினேனாம், அது தனி, இது தனின்னாங்க. உங்க மேல எனக்கு இருக்கிற கோவத்துக்கு ஒரு நாள் முழுக்கத் தர்றதாச் சொன்னாங்க. ஆனா லச்சுவத் தூக்குறதுக்கு அந்தக் கோவம் தீரணும்னு காத்திருக்க வேணாம்னாங்க. அவளுக்குப் பதினஞ்சு மாசம். காத்திருந்தா அவ காத்திருக்க மாட்டா.

அதனால கேளுங்க. மார்ச் ஆறு, வியாழக்கிழமை, பதினொரு மணி. லச்சுவக் கொண்டு வாங்க. தகடு கொண்டு வரக் கூடாது. ரூமுக்குள்ள நான் அவளத் தூக்குவேன், நீங்க பாத்துக்கிட்டு இருக்கணும். நான் உங்களப் பாத்து சரியான்னு கேப்பேன். கெஞ்சுவேன். என்னைத் தெரியும்ல, காலப் பிடிச்சுக் கெஞ்சுவேன். சரின்னு சொல்லாதீக. ஒரு தடவைகூட. தலையக்கூட ஆட்டாதீக. எனக்கு நீங்க செய்ய வேண்டியது இப்ப அது ஒண்ணுதான்.

ஆவுடைத்தாய் மகளுக்கு இப்ப பதினாலு வயசு இருக்கும். அவ வீட்டு வாசல்ல போய் நீங்க என்ன சொல்லப் போறீகன்னு நான் இப்ப கேக்கல. கேக்காம விட மாட்டேன்.

இசைவாணி


எம். புதுப்பட்டி
1.3.25

வாணி,

வாரேன். லீவு சொல்லிட்டேன். என் பொண்டாட்டிக்கு மனசு சரியில்ல, வைத்தியத்துக்குப் போறேன்னு மேனேஜர்கிட்ட நேராவே சொல்லிட்டேன். வாய் திறக்க மாட்டேன், சத்தியம்.

ஒண்ணு முன்கூட்டியே சொல்லிருதேன். அங்கன வந்து நீ அதிர்ந்து போகக் கூடாது. லச்சு பத்து நாளா அக்காவ அம்மான்னு கூப்பிடுது. அக்கா சொல்லிக் குடுக்கல, அந்த வீட்டுப் புள்ளைக கூப்பிடுததப் பாத்து அதுவா பழகிருச்சு. அக்கா அழுதுச்சு. அத்தைன்னு சொல்லு, அத்தைன்னு சொல்லுன்னு திருத்திப் பாக்குது. அது கேக்க மாட்டேங்குது.

முத்துப்பாண்டி


விருதுநகர்
7.3.2025

மாமா,

நேத்து நீங்க எதிர்லதான் இருந்தீக, எல்லாத்தையும் பாத்தீக. ஆனா உங்களுக்குத் தெரியாதது கொஞ்சம் இருக்கு.

நீங்க படியேறி வந்தப்பவே எனக்குத் திரும்பி ஓடிரணும்னு இருந்துச்சு. லச்சு போட்டிருந்தது நைலான் கவுன். பாண்டிலட்சுமி மதினிக்கு என்ன தெரியும், வெளிய போற புள்ளைக்கு நல்லதா உடுத்தி விட்டிருக்கு. நீங்களும் பாதி வழியிலதான் பாத்திருப்பீக, உங்க முகம் செத்திருந்துச்சு. மேடம் என்னைப் பாத்து, "இன்னைக்கு வேணாம்னா அடுத்த வாரம்"னாங்க. அடுத்த வாரம்னா அவ இன்னும் ஏழு நாள் மறந்திருப்பா. தாங்கன்னு கைய நீட்டிட்டேன்.

தூக்கினதும் காது அடைச்சிருச்சு. நீங்க பேசுறதா இருந்தாக்கூட எனக்குக் கேட்டிருக்காது. ஒன்பதே கால், ஒன்பதே கால்னு உள்ள ஓடுது. அவ உடம்பு சூடு என் நெஞ்சுல பட்டப்போ, சூடாகுது, சூடாகுதுன்னு மூளை கத்துச்சு. புள்ளைன்னா சூடாத்தான் இருக்கும்னு எனக்கு அந்த நேரம் தெரியல. அப்பத்தான் உங்களக் கேட்டேன். எத்தனை தடவை கேட்டேன்னு இந்தத் தடவை எண்ணல. நீங்க ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு அழுதீக. ஒரு சரி, ஒரே ஒரு சரி சொல்லியிருந்தா அவளக் கீழ விட்டிருப்பேன். நீங்க சொல்லல. அந்த நேரத்துல நான் உங்கள வெறுத்த மாதிரி ஆவுடைத்தாய் விசயத்துலகூட வெறுக்கல.

அவ அழுததப் பத்தித்தான் எழுத உக்காந்தேன். அம்மா அம்மான்னு வாசலப் பாத்துக் கத்தினாளே, நீங்க எனக்காகக் கூசிப் போயி குனிஞ்சுக்கிட்டீக. குனிய வேணாம். என் தோள்ல கடிச்சா. முடியப் பிடிச்சு இழுத்தா. என் கழுத்துல கால வச்சு உந்தி உந்தித் தள்ளினா. அவளுக்கு என்னைப் பிடிக்கல, எனக்கு அவளப் பாத்துப் பயம், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் விட்டுத் தப்பிக்கத்தான் பாத்தோம். மேடம் நடுவுல எத்தனைன்னு கேட்டாங்க. நூறுன்னேன். அப்புறம் கேட்டாங்க. நூறுதான்னேன். முப்பத்தஞ்சு நிமிசம் கழிச்சுக் கேட்டப்போ எழுபதுன்னேன். அதுக்கு மேல இறங்கல. அவ்வளவுதான் நேத்து கிடைச்சது. புள்ள வெடிக்கல. ஆனா நாளைக்கு வெடிக்காதுன்னு யாரும் எனக்கு எழுதிக் குடுக்கல, குடுக்கவும் மாட்டாங்களாம்.

நீங்க முகம் கழுவப் போயிருந்தீகல்ல, அப்ப நடந்தது இது. அழுது ஓஞ்சு போயி அவ சத்தம் நின்னுச்சு. விக்கல் எடுத்துக்கிட்டே தலையப் பின்னால சாச்சு என் முகத்தப் பாத்தா. மெதுவாப் பாத்தா, நெத்தி, மூக்கு, காதுன்னு. பஸ்சுல பக்கத்து சீட்டுல உக்காந்த முன்னப்பின்ன தெரியாத பொம்பளையப் பாப்பாங்களே, அந்தப் பார்வை. சிரிக்கல. அழவும் இல்ல. நானும் அவளத் தெரியாதவ மாதிரிதான் பாத்தேன். ரெண்டு மாசத்துல முன்பல்லு ரெண்டு வந்திருக்கு, நீங்க எழுதவே இல்ல. இடது புருவத்துக்கு மேல ஒரு சின்னத் தழும்பு, அது எப்ப விழுந்ததுன்னு எனக்குத் தெரியாது.

மதினிகிட்ட சொல்லுங்க, அத்தைன்னு திருத்த வேணாம். அம்மான்னே கூப்பிடட்டும். அவ வாயில இருக்கிற ஒரு வார்த்தையையும் புடுங்கிக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன். நான் யாருன்னு அவளே பாத்து ஒரு பேர் வைக்கட்டும்.

பதிமூணாம் தேதி, வியாழன், பதினொரு மணி. அழுவா, கடிப்பா, கொண்டு வாங்க. அந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு மதினிகிட்ட கேட்டுட்டு வாங்க.

வாணி